பட்டா இல்லாதவர்களின் கண்மாய்

மானாமதுரையில் வேளார் வீடுகளின் முன்னால் பச்சைப் பானைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கார்த்திகை மாதத்து வானம் வெயிலைக் கொடுப்பதும் பறிப்பதுமாக இருந்தது. இந்த ஊர்க் கடம் இல்லாமல் பல கச்சேரிகள் நடப்பதில்லை. 2023ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கடத்துக்கும், தெருமுனையில் விற்கும் கஞ்சிப் பானைக்கும் மண் வருவது சுற்றுவட்டக் கண்மாய்களிலிருந்துதான். ஒரு கண்மாயின் மண் மட்டும் போதாது. பசையுள்ளது, மணல் கலந்தது என்று பல மண்ணைச் சேர்த்து மிதித்தால்தான் சக்கரத்தில் நிற்கும்.

மண் மிதித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், கண்மாய்ப் பாசனச் சங்கக் கூட்டத்துக்கு உங்களில் யாராவது போவதுண்டா என்று கேட்டேன். அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"அது சம்சாரிகளுக்குத்தானே தம்பி. நமக்கு அங்க வயலா இருக்கு?"

அந்தப் பதிலைக் கேட்கத்தான் நான் இந்தப் பக்கம் வந்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவற்றை மக்களோடு சேர்ந்து பராமரிப்பது பற்றிக் கால் நூற்றாண்டாக நிறையப் பேசிவிட்டோம். அந்த 'மக்கள்' யார் என்று சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். வயல்காரர் கண்மாயை ஆண்டுக்குச் சில மாதங்கள் பயன்படுத்துகிறார். வேளார் மண்ணெடுக்கிறார். வண்ணார் துவைக்கிறார். கீதாரி கிடையாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார். மாடு வைத்திருக்கும் பெண்கள் உள்வாயில் புல்லறுக்கிறார்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு ஊரே மீன்பிடிக்க இறங்கும் நாளில், கண்மாய் எல்லாருக்கும் பொது. மற்ற நாட்களில் அது ஆயக்கட்டுக்காரருடையது.

இளையான்குடி தாண்டிச் சாலைக்கிராமம் போகும் வழியெங்கும் சீமைக்கருவேலம். சாலையோரம், தரிசு, கண்மாயின் உள்வாய் என்று வேறுபாடில்லாமல் பரவிக் கிடக்கிறது. இடையிடையே கரிமூட்டங்களின் புகை. 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அந்த நாட்களில் தென்மாவட்டங்களில் அதை ஒரு மக்கள் இயக்கமாகவே செய்தார்கள். பிறகு சிறிது காலம் இடைக்காலத் தடையும் வந்தது. அந்த மரம் கண்மாய்க்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேர் கரையைப் பிளக்கும். உள்வாயில் புல் முளைக்க விடாது. ஆனால் மூட்டத்தின் மேல் மண் பூசிக்கொண்டிருந்த பெண்களுக்கு மழையில்லாத மாதங்களில் வேறு கூலி கிடையாது. மரத்தை வெட்டுவதென்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களும் இருந்தால், எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது, வெட்டிய விறகு யாருக்கு, அதன்பின் அங்கே என்ன நடுவது என்று மூன்று கேள்விகளாவது கூடுதலாக எழுந்திருக்கும். மூன்றும் கண்மாய்க்கும் நல்ல கேள்விகள்.

ஆர்.எஸ். மங்கலத்தைச் சேர்ந்தபோது பிற்பகல். இராஜசிங்கமங்கலம் என்ற முழுப்பெயரில் பாண்டிய மன்னனின் பெயர் இருக்கிறது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று இதைச் சொல்வார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையால் பறந்து கடக்க முடியாது, அவ்வளவு பெரிது. கரைமேல் நின்று பார்த்தேன். மழைத்தண்ணீர் ஏறியிருந்தது, எதிர்க்கரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு அகப்படவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல் அந்த மழையில் வளரும். மழை நின்றபின் கதிர் முற்றும்வரை காப்பாற்றுவது கண்மாய்த் தண்ணீர். மடையை என்றைக்குத் திறப்பது, யார் வயலுக்கு முதலில், எவ்வளவு நேரம் என்பதில்தான் அந்த வருடத்துச் சோறு இருக்கிறது.

அதைத் தீர்மானிக்கத் தெரிந்த ஒருவரை, பெரிய கண்மாயிலிருந்து விலகிய ஒரு கிராமத்தில் பார்த்தேன். ஊர்ப்பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். நீர்ப்பாய்ச்சி என்பார்கள், வேறு ஊர்களில் நீர்க்கட்டி, கம்புக்கட்டி, மடைக்குடும்பன். அறுபதைத் தாண்டிய மனிதர், தோளில் மண்வெட்டி. இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் இந்த வேலை தலித் குடும்பங்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. அவர் தகப்பனும் பாட்டனும் இதே கரையில் நடந்தவர்கள்.

மடைக்கல்லில் தண்ணீர் எந்த வரியைத் தொடுகிறது என்று பார்த்து, இன்னும் எத்தனை நாள் பாயும் என்று சொல்கிறார். கண்மாய் நிறைந்திருக்கும் வரை முறை கிடையாது, கேட்டவருக்குக் கேட்டபடி விடுகிறார். தண்ணீர் ஒரு குறிப்பிட்ட வரிக்குக் கீழே இறங்கியதும் முறை தொடங்கும். அதன்பிறகு வயல்காரர் தன் வயலுக்குத் தானே வாமடை திறக்கக்கூடாது. நீர்ப்பாய்ச்சி மட்டுமே திறக்க வேண்டும். இரவு முறையும் உண்டு. மேட்டு வயலுக்கு நேரம் அதிகம், பள்ளத்து வயலுக்குக் குறைவு. கடைமடையில் பயிர் வாடினால் தலைமடைக்காரர் முகம் சுளித்தாலும் தண்ணீரைக் கீழே இறக்குவார்.

"எனக்கு இந்த ஆயக்கட்டுல ஒரு குழி நிலம் கிடையாது தம்பி. அதனாலதான் நான் விட்டா சரியா இருக்கும்னு விட்டாங்க."

நிலமில்லாததால் நடுநிலை. பழைய ஏற்பாட்டின் கூர்மையும் கொடுமையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கரையில் கூடவே நடந்தேன். மழை நாளில் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு கரையின் வெளிச்சரிவைப் பார்ப்பாராம். கசிவு தெளிந்து வந்தால் பயப்பட வேண்டாம். கலங்கி வந்தால் கரையின் வயிற்று மண் கரைந்து வருகிறது, உடனே ஆள் கூட்ட வேண்டும். அணைப் பொறியியல் படித்தவர்கள் பாடமாகப் படிப்பது இதையேதான். நண்டு வளை எங்கே, எலி வளை எங்கே, போன வருடம் எந்த இடத்தில் மூட்டை அடுக்கினோம் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. பேசிக்கொண்டே ஒரு வளையைக் குதிகாலால் மிதித்து அடைத்தார்.

கூலி நெல்லாகத்தான். அறுப்பு முடிந்து களத்தில் பொலி குவிந்ததும், ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று அவருக்கு அளந்துவிட்டுத்தான் வயல்காரர் வீட்டுக்கு எடுத்துப்போவார். இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. நெல் வயலிலிருந்தே டிராக்டரில் ஏறிப் போய்விடுகிறது. களமும் இல்லை, பொலியும் இல்லை, அளக்கிற இடமே இல்லாமல் போயிற்று. அவர் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் பணமாகக் கொடுக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், நான் கண்மாய்த் தண்ணியே பாய்ச்சலையே என்கிறார்கள். இயந்திரத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் எழுதப்படாத ஒரு கணக்கு, அதைத் தாங்கி நின்ற களம் போனதும் சத்தமில்லாமல் இல்லாமலாகிவிட்டது என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

அன்று மாலை மந்தையில் கூட்டம் இருந்தது. கண்மாய் மராமத்து பற்றிப் பேச அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நாற்காலிகள், ஒரு மேசை, தேநீர். சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பெரியவர் வேப்பமரத்தடியில் நின்றார். எந்த மடையில் ஒழுக்கு அதிகம் என்று அதிகாரி கேட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பி மரத்தடியைப் பார்த்தார்கள். பெரியவர் அங்கிருந்தபடியே சொன்னார்: மூன்றாவது மடை, அடிக்கல் நகர்ந்திருக்கிறது, மேலே சிமென்ட் பூசினால் நிற்காது, தோண்டிப் பார்க்கணும். அதிகாரி குறித்துக்கொண்டார். நல்லவராகவே தெரிந்தார், "மேல வாங்கய்யா" என்றுகூடக் கூப்பிட்டார். பெரியவர் சிரித்தார், நகரவில்லை. கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் விழுந்தன. சொன்னவரிடம் புத்தகம் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம், 2000, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஏற்படுத்தியது. அரசுத் துறையே எல்லாவற்றையும் செய்த நிலையை மாற்றி, பாசனக்காரர் கையில் பொறுப்பைக் கொடுத்தது. அந்த வகையில் அது முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சங்கத்தில் வாக்குரிமை என்பது ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்கு. நிலம் ஆண் பெயரில் இருந்தால், நாற்று நட்டுக் களையெடுக்கிற மனைவிக்கும் வாக்கில்லை. நீர்ப்பாய்ச்சிக்கு இல்லை, வேளாருக்கு இல்லை, கீதாரிக்கு இல்லை. 2017ல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் தூர்வாரும் திட்டம் தொடங்கியபோதும் பாசனக்காரர்கள் பத்து சதவீதப் பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். பணம் தருகிறவர் யார், உழைப்பைத் தருகிறவர் யார் என்று கிராமத்தில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1858ல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே இருந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கக்கூடியவரை வேலைக்கு இழுக்கலாம். மண் சுமக்கக் கூப்பிடுவதையே நாம் நெடுங்காலமாகப் பங்கேற்பு என்று எண்ணி வந்திருக்கிறோம்.

இதற்கு மறுபக்கமாக, அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாகக் கண்மாயைக் காத்தது, அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர் 1980களில் இந்த இராமநாதபுரம் சிவகங்கைச் சீமையில் தங்கி ஆராய்ந்து, 2003ல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்ற நூலை எழுதினார். கண்மாய் நிர்வாகம் என்பது அரச மரியாதை, கோயில் மரியாதை, சாதி அதிகாரம் ஆகியவற்றோடு பின்னிக் கிடந்தது, அவற்றிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்துப் போற்றக்கூடிய பொற்காலம் ஒன்று இல்லை என்பது அவர் காட்டுவது. பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஏன் இந்த வேலைக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"தண்ணி கட்டுறது மட்டும்னா செய்வான். எழவு சொல்லிப் போகணும், கொட்டடிக்கணும், கோயில் வாசல்ல தள்ளி நிக்கணும். எல்லாம் ஒரே வேலையாத்தான இருந்துச்சு. வேணாம்னுட்டான். நானும் வேணாம்னுதான் சொன்னேன்."

அந்த இளைஞர் செய்தது சரி. அவமானத்தோடு கட்டிக் கொடுக்கப்பட்ட அறிவை உதறுவதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. இழப்பு ஊருக்கு. பெரியவருக்குப் பின் மூன்றாவது மடையின் அடிக்கல்லைப் பற்றிச் சொல்ல யாருமிருக்க மாட்டார்கள். அவமானத்தைக் கழித்துவிட்டு அறிவுக்கு நாற்காலியும் சம்பளமும் கொடுக்க ஊர் தயாராக இல்லை என்பதுதான் நடந்திருக்கிறது.

நிலத்தையும் தண்ணீரையும் பிரித்தே பார்க்க முடியாதா? பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் புணே மாவட்டத்தின் புரந்தர் வட்டம் மழைமறைவுப் பகுதி. 1972ன் பெரும் வறட்சியில் விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர், புணேயில் சொந்தத் தொழிற்சாலை நடத்தியவர், அங்கே விவசாயிகள் நிவாரண வேலையில் கல்லுடைப்பதைக் கண்டார். 1974 வாக்கில் நாயகாவ் கிராமத்தில் கோயில் அறக்கட்டளையின் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மழைநீரைத் தேக்கிக் கிணறு வெட்டிப் பயிர்செய்து காட்டினார். அதிலிருந்து கிளைத்ததுதான் பானி பஞ்சாயத்து. அதன் விதிகளை முதல்முறை படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். தண்ணீர்ப் பங்கு நிலத்தின் பரப்புக்கு அல்ல, தலைக்கு: ஆளுக்கு அரை ஏக்கர் பாயும் அளவு, குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர். நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. அவர் வேறொருவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து அதில் தன் தண்ணீரைப் பாய்ச்சலாம். நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை நிலத்தோடு போகாது, குழுவுக்கே திரும்பிவிடும். கரும்பு போடக் கூடாது. செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பயனாளிகளே முன்கூட்டித் தர வேண்டும். பங்கு பிரித்து விட, பாட்கரி என்று சம்பளத்துக்கு ஓர் ஆள். நம் நீர்ப்பாய்ச்சிக்கு அங்கே அப்படி ஒரு உடன்பிறப்பு.

சாளுங்கே 2002ல் மறைந்தார். அவர் காலத்திலேயே அந்த முறை எல்லா ஊரிலும் நிலைத்துவிடவில்லை. பக்கத்துத் தாலுகாக்களில் கரும்பு செழிக்கும்போது கரும்பைத் தள்ளி வைப்பது எளிதல்ல. அப்படியிருந்தும் தண்ணீர் பொதுச் சொத்து என்பதை மேடைப் பேச்சாக விட்டுவிடாமல், தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த ஏற்பாடு இந்திய மண்ணிலேயே நடந்திருக்கிறது. கண்மாய்க்கு அதை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. கண்மாய் ஆயக்கட்டு நூற்றாண்டுகளாக வகுக்கப்பட்டது, வயலின் மட்டம் பார்த்து வாய்க்கால் ஓடுகிறது. ஆனால் கண்மாயில் தண்ணீர் மட்டுமா இருக்கிறது? மீன்பாசி ஏலம் இருக்கிறது, கரைமரம் இருக்கிறது, வண்டல் இருக்கிறது, உள்வாய்ப் புல் இருக்கிறது. இவற்றில் நிலமில்லாதவருக்குத் தலைக்குப் பங்கு என்று எழுத எந்த வாய்க்காலையும் திருப்ப வேண்டாம். 1990களிலிருந்து மதுரையை மையமாக வைத்து வயலகங்கள் என்ற பெயரில் கண்மாய்ச் சங்கங்களைக் கட்டிவரும் தானம் அறக்கட்டளை போன்றவர்களின் அனுபவம் நம்மிடமே இருக்கிறது. சங்கம் கட்டத் தெரியாத மக்களல்ல நாம். கதவை எவ்வளவு அகலமாக வைப்பது என்பதில்தான் தயக்கம்.

திரும்பும் வழியில் மகளிர் குழு நடத்தும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். அவர் ஊர்க் கண்மாய் ஒன்றியத்துடையது. காலனிப் பெண்கள் இருபத்துச் சொச்சம் பேர், யாருக்கும் ஆயக்கட்டில் நிலமில்லை, எல்லாருக்கும் ஆடோ மாடோ உண்டு. சங்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். படிவத்தில் சர்வே எண் போடுகிற இடம் காலியாக இருந்ததால் திரும்பிவிட்டது.

"அப்புறந்தாண்ணே யோசிச்சோம். கிராம சபைக்குப் பட்டா வேணாமே, வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தாப் போதுமே."

தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு நாட்களில் ஒன்று உலக நீர் நாளான மார்ச் 22. அந்த நாளுக்கென்று அவர்கள் ஒரு மனு எழுதி வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடக் குறிப்பேட்டின் இரண்டு பக்கம். வாங்கிப் படித்தேன். மாடு இறங்கக் கல் பாவிய சரிவு ஒன்று, காலனிப் பக்கத்துக் கரையில். பெண்களுக்குத் தனிப் படித்துறை. மீன்பாசி ஏலத்தில் குழுவும் கலந்துகொள்ள, முன்பணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி. தூர்வாரும்போது காலனிப் பக்கத்து மூலையில் ஒரு பள்ளத்தை ஆழமாக விடுவது, மற்ற இடம் வற்றினாலும் ஆடுமாடுகளுக்குச் சித்திரை வரை தண்ணீர் நிற்கும்படி. நீர்ப்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம், அந்த வேலைக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், பெண்கள் உட்பட.

கடைசி வரியைச் சுட்டிக்காட்டி, யாராவது விண்ணப்பிப்பார்களா என்று கேட்டேன். தன் பெயரைச் சொன்னார். அவர் தாத்தா அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. சின்ன வயதில் அவரோடு கரையில் நடந்திருக்கிறார், மடைக்கல்லில் வரி பார்க்கத் தெரியும். சம்பளம் ஊராட்சி தர வேண்டும், களத்தில் கையேந்த மாட்டேன், எழவு சொல்லப் போக மாட்டேன் என்றார். இந்த இரண்டையும் மனுவிலேயே எழுதிவிடலாமா, எழுதினால் தள்ளிவிடுவார்களா என்று குழுவுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லையாம். எழுதத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, மற்ற பெண்களைக் கூப்பிட்டார்.